எழுத்துப் போடும் நேரம்

வடலூரில் வசிக்கும் நமக்குத் 'திரை' என்ற சொல்லைக் கேட்டதும் முதலில் மனத்தில் தோன்றுவது சினிமாக் கொட்டகையின் வெள்ளைத் திரை அன்று. சத்திய ஞான சபையின் ஏழு திரைகளே. இராமலிங்க அடிகள் அமைத்த அந்த எண்கோண மண்டபம் 1872-ஆம் வருஷம் தைப்பூசத்தன்று திறக்கப்பெற்றது. கருமை, நீலம், பசுமை, செம்மை, பொன்மை, வெண்மை, கலப்பு என்று ஏழு நிறத் திரைகள் அங்கே ஜோதியை மறைத்துத் தொங்குகின்றன. மாதப் பூசத்தில் ஆறு திரைகள் விலகும். தைப்பூசத்தன்று ஏழும் விலகும். அந்த ஒரு கணத்தைக் காண்பதற்காகத் தமிழ்நாட்டின் மூலை முடுக்குகளிலிருந்தெல்லாம் ஜனங்கள் வந்து கூடுகிறார்கள்.

அந்தத் திரைகளின் தத்துவத்தை விளக்குவது பெரியோர் வேலை. பள்ளிக்கூட உபாத்தியாயராகிய நமக்கு அதில் பாத்தியதை இல்லை. ஆனால் கண் உள்ள எவரும் அங்கே ஓர் உண்மையை உணரலாம். பார்க்க வேண்டிய பொருள் ஒன்று. அதற்கும் நமக்கும் நடுவே எத்தனை படலங்கள், என்ன நிறத்தில், எந்த வரிசையில் இருக்கின்றன என்பதைப் பொறுத்தது நம் பார்வை. சபையிலே படலங்களை விலக்கிக் காட்டுகிறார்கள். சினிமாவிலோ படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் காட்டுகிறார்கள். நோக்கம் வேறு, இடம் வேறு. இரண்டையும் ஒப்பிடுவது நம் கருத்தன்று. எனினும் படலமும் நிறமும் சேர்ந்து செய்யும் வேலை இன்னதென்று யோசிக்க இந்த ஊர்க்காரர்களுக்குக் கொஞ்சம் பழக்கம் அதிகம் என்று மட்டும் சொல்லிக் கொள்கிறோம்.

அந்தப் பழக்கத்தின் பேரில் இன்று நாம் எடுத்துக்கொண்ட விஷயம், சினிமாவில் யாரும் கவனிக்காத ஒரு சிறு பகுதி. படம் தொடங்கும்போது பெயர்கள் வருகின்றன அல்லவா? அவற்றைத்தான் சொல்கிறோம். கொட்டகை வாசலில் ஓடி வருகிறவர் டிக்கெட்டுக் கிழிப்பவரைப் பார்த்து, "எழுத்துப் போட்டாய்விட்டதா?" என்று கேட்பார். "இப்போதுதான் போடுகிறார்கள்" என்று பதில் வந்தால் அவருக்கு ஒரே நிம்மதி. எழுத்து ஓடும் வரையில் படம் ஆரம்பமாகவில்லை என்பது அவர் முடிவு. சோடாவும் முறுக்கும் வாங்குவதற்காகவே கடவுள் கொடுத்த இடைவெளி அது!

அந்த இரண்டு நிமிஷ இடைவெளியைத் தயாரிக்க எத்தனை பேர் எத்தனை நாள் கண் விழித்திருக்கிறார்கள் என்று தெரிந்தால், அவர் முறுக்கைக் கொஞ்சம் மெதுவாகக் கடிப்பார் என்பது நம் நம்பிக்கை.

மூன்று பாஷையில் எழுத்து

நம் ராஜ்யத்தில் சினிமாவின் கதையே எழுத்தோடுதான் தொடங்கிற்று. முதல் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில் சென்னையில் ஆர். நடராஜ முதலியார் 'கீசக வதம்' என்னும் ஊமைப் படத்தைத் தயாரித்தார். தென்னிந்தியாவின் முதல் கதைப் படம் அதுவே. பாத்திரங்கள் வாய் திறந்து பேச முடியாத காலம் ஆகையால், காட்சிகளின் நடுவே எழுத்து அட்டைகளைக் காட்டிக் கதையை விளக்கினார்கள். ஆங்கிலம், தமிழ், ஹிந்தி ஆகிய மூன்று பாஷைகளில் அந்த அட்டைகள் அமைந்தன. ஹிந்தி வாசகங்களை எழுதி உதவியவர் மகாத்மாவின் புதல்வர் தேவதாஸ் காந்தி என்று சினிமாச் சரித்திரக்காரர்கள் குறித்து வைத்திருக்கிறார்கள். எழுத்து அட்டை என்பது எவ்வளவு பெரியவர்களின் கைபட்ட பொருள் பாருங்கள்!

1931-ல் 'காளிதாஸ்' வந்தது. படம் பேசத் தொடங்கியது. நடுவில் வந்த அட்டைகள் மறைந்தன. தொடக்கத்தில் வரும் பெயர் அட்டைகள் மட்டும் நிலைத்தன. ஓவியர்கள் தூரிகை கொண்டு அட்டையிலோ கண்ணாடியிலோ எழுதுவார்கள். காமிராவை அசையாமல் நிறுத்திப் படம் பிடிப்பார்கள். ஒவ்வொரு ஸ்டூடியோவுக்கும் தனக்கென்று ஒரு முத்திரைச் சின்னமும் உண்டு. ஜெமினி ஸ்டூடியோவின் இரட்டைக் குழந்தைகள் குழல் ஊதுவதைக் கண்டால், எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் "ஜெமினி படம்" என்று கூவிவிடுவார்கள்.

கறுப்பு அட்டையின் ரகசியம்

அட்டையில் எழுத்து தனியாக வருவது சுலபம். ஓடும் ரயிலின் மேலேயோ, கடல் அலையின் மேலேயோ எழுத்து வர வேண்டுமானால் என்ன செய்வது? கடலின் மேல் எழுத முடியுமா?

முடியும். அதற்கு முன்னோர்கள் கண்ட யுக்தி மிகவும் அழகானது. பிலிமில் ஒளி பட்ட இடத்தில்தான் பதிவு ஏற்படும்; இருட்டு அதில் எதையும் எழுதாது. ஆகவே முதலில் கடலைப் படம் பிடித்துக்கொள்வார்கள். அந்தப் பிலிமைக் கழுவாமலே பின்னுக்குச் சுற்றி, கறுப்பு அட்டையில் வெள்ளையாக எழுதிய பெயரை அதே பிலிமில் மறுபடி படம் பிடிப்பார்கள். அட்டையின் கறுப்பு, கடலுக்கு ஒரு தீங்கும் செய்யாது. வெள்ளை எழுத்து மட்டும் பிலிமைச் சுட்டுப் பதியும். கழுவிப் பார்த்தால் அலையின் மேலே பெயர் மிதக்கும்!

இதில் ஒரு குறை உண்டு. வெள்ளை எழுத்தை எங்கும் போடலாம். கறுப்பு எழுத்தைப் போட முடியாது. ஏற்கனவே வெளுத்த வானத்தின் மேல் சிவப்பு எழுத்தைச் சுட்டால் சிவப்பு வராது, வெளிறிப் போகும். இதற்குப் பரிகாரமாக எழுத்தின் வடிவத்திலேயே ஒரு கறுப்பு மறைப்பைச் செய்தார்கள். அந்த மறைப்பை வைத்து வானத்தை எடுத்தால், எழுத்து வர வேண்டிய இடம் மட்டும் ஒளி படாமல் காலியாக நிற்கும். பிறகு அந்தக் காலி இடத்தில் சிவப்பு எழுத்தைக் கொண்டுவந்து சரியாகப் பொருத்துவார்கள். வீட்டுச் சுவரில் ஜன்னலுக்கு இடம் விட்டுக் கட்டிப் பின்னர் ஜன்னலைப் பொருத்துவது போலத்தான். மயிரிழை பிசகினாலும் எழுத்தைச் சுற்றி ஒரு கோடு தெரிந்து மானத்தை வாங்கிவிடும். ஒரு பிலிமைப் பார்த்து மற்றொரு பிலிமில் அச்செடுக்கும் 'ஆப்டிகல் பிரிண்டர்' என்னும் யந்திரம் இந்த வேலைக்காகவே பெயர் பெற்றது.

எழுத்தையும் சித்திரத்தையும் அசையச் செய்ய விரும்பியவர்கள் வேறொரு வழியில் சென்றார்கள். படலங்களைக் கண்ணாடித் தட்டுகளில் வைத்து, அடுக்கடுக்காக இடைவெளி விட்டு நிறுத்தி, மேலிருந்து காமிராவால் பார்த்தார்கள். ஜெர்மனியில் லோட்டே ரைனிகர் என்ற பெண்மணி கறுப்புக் காகிதத்தைக் கத்தரித்துச் செய்த நிழற்பொம்மைகளைக் கொண்டு இந்த முறையில் 1926-ல் ஒரு முழு நீளப் படமே எடுத்து முடித்தார். வால்ட் டிஸ்னியின் கூட்டத்தார் 1937-ல் 'பழைய ஆலை' என்ற குறும் படத்தில் பெரிய அடுக்கு யந்திரத்தைக் கையாண்டனர். கிட்டத்தில் உள்ள தட்டு வேகமாக நகரும். எட்டத்தில் உள்ள தட்டு மெதுவாக நகரும். தட்டையான சித்திரங்களுக்குள் ஆழம் பிறந்துவிடும். நம் ஊர்த் தோல்பாவைக் கூத்தைக் கண்டவர்களுக்கு இது புரியாத வித்தை அல்ல.

ஒரு விநாடிக்கு 24 படங்கள் என்பது சினிமாவின் கணக்கு. இரண்டு நிமிஷ எழுத்துக்கு 2,880 படங்கள் வேண்டும். ஒவ்வொரு படத்திலும் ஐந்து படலங்கள் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் எத்தனை என்று கணக்குப் போடும் பொறுப்பை வீட்டிலுள்ள குழந்தைகளிடம் விட்டுவிடுகிறோம்.

திரையை இழு, பிறகு படத்தை ஓட்டு

இவ்வளவு சிரமப்பட்டும் எழுத்துக்கு மரியாதை கிடைத்ததா என்றால், அமெரிக்காவிலும் கிடைக்கவில்லை. அங்கே கொட்டகைகளில் வெள்ளைத் திரைக்கு முன்னால் ஒரு பட்டுத் திரை தொங்கும். பெயர்கள் ஓடி முடியும் வரையில் பட்டுத் திரையை விலக்காமலே ஓட்டுவது சில கொட்டகைக்காரர்களின் வழக்கமாக இருந்ததாம். 1955-ல் ஆட்டோ பிரெமிங்கர் என்ற டைரக்டரின் 'பொற்கை மனிதன்' என்ற படத்துக்குச் சால் பாஸ் என்னும் ஓவியர், கறுப்புப் பின்னணியில் வெள்ளைப் பட்டைகள் நகர்ந்து நகர்ந்து கடைசியில் கோணிய ஒரு கையாக மாறும்படி எழுத்துப் பகுதியை அமைத்தார். படப் பெட்டிகளின் மேல், "எழுத்து வருமுன் திரையை இழுக்கவும்" என்று ஒரு குறிப்பை ஒட்டி அனுப்பினார்கள் என்று சொல்வார்கள். அன்று முதல் எழுத்து, படத்தின் வாசற்படியாக இல்லாமல் படத்தின் முதல் காட்சியாகவே ஆயிற்று.

அதன்பின் 1962-ல் ஜேம்ஸ் பாண்டு படங்களுக்காக மாரிஸ் பிண்டர் என்பவர் வெள்ளைப் புள்ளிகள் திரையில் ஓடித் துப்பாக்கிக் குழலாக விரியும் ஒரு சித்திரத்தை வகுத்தார். அந்தப் புள்ளிகள் முப்பது வருஷம் கழித்துத் தமிழ்நாட்டுக்கும் வந்து சேர்ந்தன. 1992-ல் சுரேஷ் கிருஷ்ணா இயக்கிய 'அண்ணாமலை'யில், புள்ளி புள்ளியாக ஒளி கூடி 'சூப்பர் ஸ்டார்' என்ற பட்டம் ஆங்கில எழுத்துக்களில் ஒவ்வொன்றாகத் திரையில் தோன்றியது. பாண்டு படத்தின் தூண்டுதலால் பிறந்தது அது. கொட்டகையில் எழுந்த சீழ்க்கையைப் பற்றி நாம் சொல்லத் தேவையில்லை. தமிழ் ஜனங்கள் ஆடாமல் அசையாமல் கண் கொட்டாமல் பார்த்த எழுத்துப் பகுதி ஒன்று உண்டென்றால் அது அதுவே. ஆனால் அந்தச் சீழ்க்கை ஒரே ஒரு பெயருக்கு. அடுத்த பெயர் வருவதற்குள் அடங்கிவிடும்!

அசையும் சித்திரத்தையும் அசல் மனிதர்களையும் ஒன்று சேர்க்கும் முயற்சியும் நம்மிடம் நடந்ததுதான். 1989-ல் ஏ.வி.எம். தயாரித்த 'ராஜா சின்ன ரோஜா'வில், ரஜினிகாந்தும் குழந்தைகளும் சித்திர மிருகங்களோடு ஆடிப் பாடினார்கள். அந்தச் சித்திரங்களை உருவாக்கியவர் பம்பாயில் புகழ் பெற்றிருந்த ராம் மோகன். கையால் வரைந்த மிருகத்தையும் காமிரா பிடித்த குழந்தையையும் ஒரே ஒளியில் நிறுத்துவதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும்!

மூன்று விளக்குகள்

இனி நிறத்தின் கதைக்கு வருவோம். 1956-ல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸார் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தைக் கேவாகலரில் வெளியிட்டபோது தமிழ்ப் படம் முழு வர்ணம் பெற்றது. வர்ணம் வந்ததும் ஒரு புதுத் தொல்லையும் கூடவே வந்தது. காலையில் எடுத்த காட்சி நீலம் பாய்ந்திருக்கும். மாலையில் எடுத்தது மஞ்சள் பாய்ந்திருக்கும். இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டினால் கதாநாயகியின் முகம் நொடிக்கொரு நிறம் காட்டும்.

இதைச் சமன் செய்பவர் லாபரட்டரியில் இருந்த 'கிரேடர்'. அவரிடம் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று விளக்குகள்; ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 50 வரை படிகள். ஒவ்வொரு காட்சிக்கும் எந்த விளக்கு எத்தனையாம் படி என்று கண்ணாலேயே பார்த்து முடிவு செய்து குறித்துக் கொடுப்பார். அந்த எண்களின்படி பிரதி அச்சாகும். வீணையின் தந்திகளை முறுக்கிச் சுருதி சேர்ப்பது போன்ற வேலை. சுருதி சேர்த்தவரைக் கச்சேரியில் யார் நினைக்கிறார்கள்?

இந்த வேலை முழுவதையும் கம்ப்யூட்டரில் செய்யும் முறை 2000-த்தில் உலகத்துக்கு அறிமுகமாயிற்று. அமெரிக்காவில் கோயன் சகோதரர்கள் எடுத்த ஒரு படத்தில், பசுமை கொழித்த மிஸிஸிபி நாட்டைப் பஞ்ச காலத்துப் புழுதி மஞ்சளாக மாற்ற வேண்டியிருந்தது. முழுப் படத்தையும் கம்ப்யூட்டருக்குள் வாங்கி, இலைகளை உலர வைத்துத் திரும்பப் பிலிமில் ஏற்றினார்கள். இன்று 'கலரிஸ்ட்' என்று சொல்லப்படுபவர் அந்தப் பழைய கிரேடரின் வாரிசு. இருள், நடுத்தரம், வெளிச்சம் ஆகிய மூன்று நிலைகளையும் தனித்தனியே திருப்பும் சக்கரங்கள் அவர் கையில் இருக்கின்றன. கண் களைத்தால் ஏமாற்றும் என்பதால், நிறத்தின் அளவைக் கோடுகளாக வரைந்து காட்டும் கருவிகளையும் பக்கத்தில் வைத்துக்கொள்கிறார். 1964-ல் பி.ஆர். பந்துலு எடுத்த 'கர்ணன்' 2012-ல் இந்த முறையில் புதுப்பிக்கப்பட்டு மறுபடி கொட்டகைகளில் ஓடியபோது, பேரப் பிள்ளைகளும் சிவாஜி கணேசனின் கிரீடத்தைப் பொன்னிறமாகவே கண்டார்கள்.

படலமும் நிறமும் ஒன்று சேர்ந்து நம் நெஞ்சைத் தொட்ட ஓர் உதாரணம் சொல்கிறோம். 1996-ல் ஷங்கர் இயக்கிய 'இந்தியன்' படத்தில் கமல்ஹாசன் நேதாஜி சுபாஷ் சந்திர போஸுடன் தோன்றினார். நேதாஜியின் பழைய கறுப்பு-வெள்ளைச் சுருளில் இன்றைய நடிகரைக் கொண்டுபோய் வைத்தவர் எஸ்.டி. வெங்கி. வெட்டி ஒட்டுவது மாத்திரம் போதாது. புதிய உருவத்தின் கறுப்பு பழைய சுருளின் கறுப்பாக இருக்க வேண்டும், வெளுப்பும் அப்படியே இருக்க வேண்டும், பழைய பிலிமின் மணல் போன்ற பொரிகள் புதிய உருவத்திலும் மினுங்க வேண்டும். இவை பொருந்தாவிட்டால் தேசபக்தி பொங்க வேண்டிய இடத்தில் சிரிப்புப் பொங்கிவிடும். அந்தப் படத்துக்கு விசேஷ உத்திகளுக்கான தேசிய விருது கிடைத்தது.

ஓரத்துக் கறுப்பு

இப்போது இதே வேலை சிறிய ஊர்களிலும் ஒரு மேஜையின் மேல் நடக்கிறது. இதைக் கற்க விரும்பும் இளைஞர்கள் முதலில் இடறி விழும் இடம் ஒன்று உண்டு. அதைக் கணக்கு வாத்தியார் பாணியில் விளக்கினால் பயன்படும் என்று தோன்றுகிறது.

கம்ப்யூட்டர் திரை முழுவதும் சிறு சிறு கட்டங்கள். எழுத்தின் ஓரம் ஒரு கட்டத்தின் நடுவே வெட்டிக்கொண்டு போகும். அந்தக் கட்டத்தில் பாதி எழுத்து, பாதி வானம். எழுத்தின் பிரகாசம் 200, வானத்தின் பிரகாசம் 40 என்று வைத்துக்கொள்வோம். பாதிக்குப் பாதி சேர்த்தால் 100-ம் 20-ம் கூடி 120 வர வேண்டும். ஆனால் எழுத்துப் படலத்தைச் சேமிக்கும்போதே, அந்த ஓரக் கட்டத்தில் 200-க்குப் பதில் அதன் பாதியாகிய 100-ஐ எழுதி வைப்பது ஒரு வழக்கம். இது தெரியாதவர் அந்த 100-ஐ மறுபடியும் பாதியாக்குவார். 50-ம் 20-ம் கூடி 70 ஆகும். விளைவு? எழுத்தைச் சுற்றிலும் மை தீட்டியது போல ஒரு கறுப்பு வரம்பு. காரணம் தெரியாமல் இரவெல்லாம் விழித்திருப்பவர்கள் அநேகர்.

நிறம் மாற்றும்போது இன்னும் ஒரு விபரீதம் நேரும். எழுத்தைக் கொஞ்சம் வெளுக்கச் செய்வதற்காகப் படலம் முழுவதும் 10-ஐக் கூட்டினால், எழுத்தே இல்லாத வெற்றிடத்திலும் 10 வந்து உட்கார்ந்துகொள்ளும். வானத்தின் மேல் ஒரு மங்கிய பெட்டி தெரியும். ஆகவே முறை இது: ஓரத்தில் எழுத்து எவ்வளவு பங்கோ, அந்தப் பங்கால் முதலில் வகுத்துப் பழைய 200-ஐ மீட்க வேண்டும், அதன்மேல் நிறத்தை மாற்ற வேண்டும், பிறகு அதே பங்கால் பெருக்க வேண்டும். வெற்றிடம் வெற்றிடமாகவே நிற்கும். வகுத்தல், மாற்றல், பெருக்கல் என்ற இந்த வரிசை தவறலாகாது. படலங்களை அடுக்கும் இந்தக் கணிதத்தை 1984-ல் தாமஸ் போர்ட்டர், டாம் டஃப் என்ற இருவர் ஒரு கட்டுரையில் ஒழுங்குபடுத்தித் தந்தார்கள். கறுப்பு அட்டையிலும் மறைப்பிலும் ஓவியர்கள் கையால் செய்ததைத்தான் அவர்கள் எண்ணால் செய்தார்கள்.

வரிசை எவ்வளவு முக்கியம் என்பதை வகுப்பில் ஒரு நாள் மாணவர்களுக்குக் காட்டினோம். ஒரு நிலக்காட்சிப் படம், மஞ்சள் காகிதத்தில் கத்தரித்த எழுத்துக்கள், நீலச் செலோபேன் தாள். எழுத்தைப் படத்தின் மேல் வைத்து அதன்மேல் நீலத்தாளைப் போர்த்தினால் மஞ்சள் எழுத்து பச்சையாகிவிட்டது. நீலத்தாளைப் படத்தின் மேல் போட்டு அதற்கும் மேலே எழுத்தை வைத்தால், இரவில் ஏற்றிய விளக்குப் போல எழுத்து மஞ்சளாகவே ஒளிர்ந்தது. பொருள்கள் மூன்றும் ஒன்றே, வரிசைதான் வேறு. படத்துக்கு முதலில் நிறம் சேர்த்து, அதன்மேல் எழுத்தை வைத்து, கடைசியில் இரண்டும் ஒரே குடும்பமாகத் தோன்றும்படி இலேசாக ஒரு பொது நிறம் பூசுவது நல்ல வேலைக்காரரின் வழக்கம். வீட்டில் ஐந்து ரூபாய்ச் செலவில் எவரும் இதைச் செய்து பார்க்கலாம்.

புள்ளி எங்கே?

தமிழ் எழுத்துக்கென்று தனிப்பட்ட சங்கடங்களும் உண்டு. ஆங்கில எழுத்தின் மேல் ஒளிவட்டம் பூசுவது போலத் தமிழ் எழுத்தின் மேல் பூசினால், முதலில் பலியாவது புள்ளி. மெய்யெழுத்தின் தலைமேலுள்ள அந்தச் சிறு புள்ளி ஒளியில் கரைந்துவிடும். 'கண்ணன்' என்று எழுதியது 'கணணன' என்று தோன்றும். 'ண'வின் சுழிகள் நிரம்பி ஒரே திட்டாகிவிடும். கொடியின் நுனிகள் பின்னணியில் மறையும். எழுத்தை வரைந்தவர் தமிழ் படித்தவராக இருந்தால் சுழிக்குள் காற்று விட்டு, புள்ளியைச் சற்றுப் பெரிதாக்கி, ஒளியைக் குறைப்பார்.

எழுத்து ஒவ்வொன்றாகத் தோன்ற வேண்டும் என்று யந்திரத்துக்குக் கட்டளையிட்டாலோ வேடிக்கை! 'தமிழ்' என்ற சொல்லை அது எப்படிக் கொண்டுவரும் தெரியுமா? த, தம, தமி, தமிழ, தமிழ் என்று ஐந்து தவணையில் கொண்டுவரும். 'மி'யை ஓர் எழுத்தாக அது அறியாது. 'ம' ஒன்று, கொக்கி ஒன்று என்று எண்ணும். நம் குழந்தைகள் முதல் வகுப்பில் கற்கும் உயிர்மெய்யை யந்திரத்துக்கு நாம்தான் கற்பிக்க வேண்டும். பெயரை எழுத்தெழுத்தாகக் கையால் பிரித்துத் தனிப் படலங்களாக வைப்பதே இதற்குரிய பரிகாரம். சிரமம் அதிகம், ஆனால் மொழிக்குச் செய்யும் மரியாதை அது.

பழைய படங்களின் எழுத்துப் பகுதிகளைப் பார்க்கும்போது இன்னொரு லாபமும் கிடைக்கிறது. 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் அமலாவதற்கு முன் 'லை', 'னை' முதலியவை யானைத் துதிக்கை போன்ற கொம்புடன் இருந்தன. இன்றைய மாணவர்கள் அவற்றை நேரில் காண்பது பழைய புத்தகங்களிலும் பழைய படங்களின் எழுத்திலும்தான். ஓவியர்கள் அவற்றை எத்தனை விதமாக வளைத்து நெளித்து அழகு செய்திருக்கிறார்கள்! தமிழ் எழுத்தின் சித்திரசாலை அது.

ஒரு படலம் மாற்றினால் போதும்

இவ்வளவும் சொன்னதற்குக் காரணம் உண்டு. எழுத்துப் பகுதி என்பது அலங்காரம் மட்டுமல்ல. கூலி வாங்கி உழைத்தவர்களின் கணக்கு. கல்யாணத்தில் மொய் எழுதுகிறவர் ஒருவர் பெயரையும் விடமாட்டார். சினிமாவிலோ விளக்குப் பிடித்தவர், ஆடை தைத்தவர், சாரத்தில் ஏறியவர், படலம் சேர்த்தவர், நிறம் பார்த்தவர் ஆகியோரின் பெயர்கள் கடைசியில் பொடி எழுத்தில் ஓட, கொட்டகையில் விளக்கைப் போட்டுவிடுகிறார்கள். வீட்டில் பார்ப்பவர்களுக்கோ, 2017-ல் நெட்ஃபிளிக்ஸ் கம்பெனி தொடக்கத்தைத் தாண்டிச் செல்ல ஒரு பொத்தானே வைத்துக் கொடுத்தது. ஒரு தட்டுத் தட்டினால் அத்தனை பெயர்களும் மாயம்!

அதைவிட நம்மை வருத்துவது வேறு. தமிழில் பெயர் வைத்த படங்களுக்குக் கேளிக்கை வரி விலக்கு என்று 2006-ல் அரசாங்கம் அறிவித்தது. சுவரொட்டியில் தமிழ் வந்தது, நல்லதுதான். ஆனால் அந்த விலக்கு படத்தின் பெயரைப் பற்றியது. உழைத்தவர்களின் பெயர்களைப் பற்றியது அல்ல. தமிழ்ப் படத்தில், தமிழ் ஜனங்கள் பார்க்கும் கொட்டகையில், உழைத்தவர்களின் பெயர்கள் ஆங்கிலத்தில் மட்டும் ஓடுவதை இன்று சாதாரணமாகக் காண்கிறோம். படத்தில் தச்சு வேலை செய்தவரின் தாயார் கொட்டகைக்கு வந்து உட்கார்ந்தால், தன் மகனின் பெயர் எதிரே ஓடுவதை அறியாமலே வீட்டுக்குத் திரும்புவாள். இதைவிட ஒரு பரிதாபம் உண்டா?

வெளிநாட்டார் பார்க்க ஆங்கிலம் வேண்டும் என்பார்கள். நியாயந்தான். ஆனால் தொழிலின் நுட்பமே இதற்கு விடை தருகிறது. எழுத்து என்பது தனிப் படலம் என்று பார்த்தோம். பிற பாஷைகளில் வெளியிடுவதற்காக எழுத்தில்லாத பிரதி ஒன்றைத் தனியே எடுத்து வைப்பதும் இந்தத் தொழிலில் நெடுநாளைய வழக்கம். படமும் நிறமும் அசையும் சித்திரமும் அப்படியே இருக்க, மேலேயுள்ள ஒரு படலத்தை எடுத்துவிட்டுத் தமிழ்ப் பெயர்ப் படலத்தை வைக்க வேண்டியதுதான். முழுப் படத்தைத் தயாரிக்கும் செலவோடு ஒப்பிட்டால் இது எண்ணெய்ச் செலவுக்கும் காணாது. வேண்டியது மனம் ஒன்றே. ஒவ்வொரு தமிழ்ப் படமும் ஆங்கிலப் பெயர்ப் பிரதி ஒன்றும் தமிழ்ப் பெயர்ப் பிரதி ஒன்றுமாக வெளிவர வேண்டும் என்று நம் தயாரிப்பாளர்களை வேண்டிக் கொள்கிறோம்.

நேயர்களாகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. அடுத்த முறை குடும்பத்தோடு படம் பார்க்கும்போது அந்தப் பொத்தானைத் தட்டாமல் இரண்டு நிமிஷம் பொறுத்திருங்கள். குழந்தைகளை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். எந்தப் பெயர் பின்னணியில் மறைகிறது, எந்த எழுத்து புள்ளி இழந்து நிற்கிறது, எந்த நிறம் கண்ணுக்குக் குளிர்ச்சி என்று அவர்களே சொல்லட்டும். படக் கடைசியில் கொட்டகையை விட்டு அவசரமாக எழுந்திருக்க வேண்டாம். வண்டி போய்விடாது. முன்பின் தெரியாத நூறு பேர் நமக்காக உழைத்திருக்கிறார்கள். அவர்கள் பெயரை ஒரு முறை வாசிப்பது பெரிய காரியமா? "எழுத்துப் போட்டாய்விட்டதா?" என்று கேட்கும் நண்பரிடம், "போட்டுக்கொண்டே இருக்கிறார்கள், சீக்கிரம் வாருங்கள், படம் ஆரம்பமாகிவிட்டது!" என்று பதில் சொல்லும் காலம் வரட்டும்.